பெரும்பான்மையை எங்கே எண்ணுவது? கர்நாடக ஆளுநர்களும் மாநிலத்தின் ஜனநாயகமும்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவன் அண்ணா. கே.ஏ.எஸ். (கர்நாடக ஆட்சிப்பணி) தேர்வுக்குப் படிக்கிறேன். வீட்டில் எந்நேரமும் சென்னைச் செய்திதான் ஓடும். தமிழ்நாட்டு ஆளுநர் விவகாரங்கள் அத்துபடி. ஆனால் கர்நாடகத்துக்கு அடுத்தடுத்து வந்த ஆளுநர்கள் இந்த மாநிலத்தின் ஜனநாயகத்தை எப்படி மாற்றினார்கள் என்று கேட்டால் பொம்மை வழக்கைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் விளக்க முடியுமா?

பதில்:

தம்பி, சென்னையில் எந்த அரசு ஆளுநரோடு மோதினாலும் முதலில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு, கர்நாடக முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் ஆட்சி கலைக்கப்பட்டதை எதிர்த்த பொம்மை வழக்குதான். உங்கள் அல்சூரிலிருந்து ஆட்டோவில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிற ராஜ்பவன், 1989-ல் டில்லிக்கு அனுப்பிய இரண்டு அறிக்கைகள்தான் அதன் மூலம். ஆகவே அங்கிருந்தே நீங்கள் தொடங்குவது தவறில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைச் சேர்த்துப் படித்தால்தான் அது ஏன் இங்கே வெடித்தது என்பது புரியும்.

ஒரு அடிப்படையை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பதே ஆளுநரின் வேலை. அரசியலமைப்பின் 163-வது பிரிவும் 1974-ன் ஷம்ஷேர் சிங் தீர்ப்பும் சொல்வது அதைத்தான். அவர் தானாக முடிவெடுக்கும் இடங்கள் மிகச் சில: யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது யாரை முதல்வராக அழைப்பது, பெரும்பான்மையை நிரூபிக்க எப்போது சொல்வது, குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிசெய்யும் 356-வது பிரிவில் அறிக்கை எழுதுவது, மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்புவது, அபூர்வமாக முதல்வர் மீது வழக்குத் தொடர அனுமதி தருவது. இவற்றில் எதற்குமே அரசியலமைப்பு நாள் கணக்கு வைக்கவில்லை. ‘கூடிய விரைவில்’ என்ற ஒரு சொல் மசோதா விஷயத்தில் இருக்கிறது, அவ்வளவே. எனவே ஆளுநரின் உண்மையான அதிகாரம் நாட்களைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும்தான் இருக்கிறது. கர்நாடகத்தின் கதை முழுக்க இதுதான்: யாருக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள், எண்ணிக்கையைச் சபையில் பார்த்தார்களா, தம் அறையில் பார்த்தார்களா.

தொடக்கம் அமைதியானது. கர்நாடகத்தின் பழைய பெயரான மைசூருக்குப் பிரதிநிதித்துவ மரபு பழையது. திவான் ரங்காச்சார்லு காலத்தில் 1881-லேயே மைசூர் பிரதிநிதிகள் சபை கூடியது. அதற்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது, குறை சொல்லலாம், அவ்வளவுதான். பொறுப்பாட்சி வந்தது 1947-ன் ‘மைசூர் சலோ’ போராட்டத்துக்குப் பிறகு. அக்டோபர் 25 அன்று கே.சி. ரெட்டி முதல்வரானார். மகாராஜா ஜெயசாமராஜ உடையார் 1950-ல் ராஜப்பிரமுகர் (ஆளுநருக்கு நிகரான பதவி), 1956 நவம்பர் 1-ல் விரிந்த மைசூர் மாநிலத்தின் ஆளுநர். ஆண்ட மன்னரே அதே மண்ணில் அமைச்சரவை சொன்ன இடத்தில் கையெழுத்திடுபவராக மாறினார். ஹனுமந்தையா போய் மஞ்சப்பா வந்தார்; பிறகு நிஜலிங்கப்பா, ஜத்தி, கந்தி, மறுபடி நிஜலிங்கப்பா. இத்தனை மாற்றங்களும் காங்கிரஸ் சட்டசபைக் கட்சிக்குள்ளேயே முடிவாயின. ஆளுநர் அதில் மூக்கை நுழைத்ததாகப் பேச்சு எழவில்லை. 1964-ல் அவர் சென்னைக்கு ஆளுநராகப் போனார். ஒரே கட்சி ஆளும்வரை ஆளுநருக்கு வேலை குறைவு என்பதும் இதற்குக் காரணம். அதை மறந்து அந்தக் காலத்தை அளவுக்கு மீறிப் புகழ வேண்டாம்.

காங்கிரஸ் 1969-ல் உடைந்ததும் நிலைமை மாறியது. அப்போது இங்கே வந்த ஆளுநர் தர்ம வீரா. மேற்கு வங்கத்தில் 1967 நவம்பரில், சபையை முன்கூட்டியே கூட்ட மறுத்தார் என்பதற்காக அஜய் முகர்ஜி அமைச்சரவையைக் கலைத்தவர் இவர். முகர்ஜி சொன்ன தேதி டிசம்பர் 18; ஆளுநர் காத்திருக்கவில்லை. மைசூரில் 1971 மார்ச் மக்களவைத் தேர்தலில் 27 தொகுதிகளையும் இந்திரா காங்கிரஸ் அள்ளியதும் வீரேந்திர பாட்டீலின் பழைய காங்கிரஸ் ஆட்சியிலிருந்து ஆட்கள் தாவத் தொடங்கினார்கள். அவர் விலகினார், மாற்று அரசு அமையவில்லை, குடியரசுத் தலைவர் ஆட்சி ஏறத்தாழ ஓராண்டு ஓடியது. 1972 தேர்தலில் இந்திரா காங்கிரஸின் தேவராஜ் அர்ஸ் வந்தார்.

அடுத்தது 1977 டிசம்பர் 31. டில்லியில் ஜனதா அரசு, இங்கே ஆளுநர் கோவிந்த் நாராயண், உள்துறையிலும் பாதுகாப்புத் துறையிலும் செயலாளராக இருந்த அதிகாரி. அர்ஸ் கட்சிக்குள் பிளவு. சபையில் வாக்கெடுப்பு நடக்காமலே ஆட்சி கலைக்கப்பட்டது. இரண்டே மாதத்தில், 1978 பிப்ரவரியில், மக்கள் அர்ஸையே பெரிய பெரும்பான்மையோடு திரும்ப உட்காரவைத்தார்கள். ராஜ்பவன் போட்ட கணக்கை வாக்குச்சாவடி திருத்தியது என்று இதைத் தயங்காமல் எழுதலாம். இதே கோவிந்த் நாராயண்தான் 1983 ஜனவரியில், எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது, பிற கட்சிகளின் ஆதரவோடு வந்த ராமகிருஷ்ண ஹெக்டேவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். மாநிலத்தின் முதல் காங்கிரஸ் அல்லாத அரசு அது. டில்லியில் அப்போது இந்திரா காந்தி. ஒரே ஆளுநரின் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒன்று அறையில் முடிந்தது, இன்னொன்று சபைக்கு விடப்பட்டது.

அவருக்குப் பின் வந்த ஏ.என். பானர்ஜி காலத்தை யாரும் பேசுவதில்லை, ஆனால் பேச வேண்டும். 1984 டிசம்பர் மக்களவைத் தேர்தலில் தோற்றதும் ஹெக்டே தார்மிகப் பொறுப்பேற்று விலகி, சபையைக் கலைக்கப் பரிந்துரைத்தார். ஆளுநர் அதை ஏற்று அவரையே காபந்து முதல்வராக வைத்தார். 1985 மார்ச்சில் ஜனதா 139 இடம் வென்றது. பரிந்துரையை ஏற்பதா, வேறு யாராவது எண்ணிக்கை காட்டுகிறார்களா என்று காத்திருப்பதா என்ற வாய்ப்பு அப்போதும் ஆளுநருக்கு இருந்தது.

இனி 1989. இதை நாள் நாளாகத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வில் பெரும்பாலானவர்கள் மொத்தமாக எழுதிவிடுகிறார்கள்.

ஹெக்டே விலகிய பின் 1988 ஆகஸ்டில் பொம்மை முதல்வர். ஆளுநர் பி. வெங்கடசுப்பையா. 1989 ஏப்ரல் 15-ல் அமைச்சரவையில் 13 பேர் சேர்க்கப்பட்டார்கள். இடம் கிடைக்காதவர்களின் கோபம் இரண்டே நாளில் வெளிவந்தது. 17-ம் தேதி கே.ஆர். மொலகேரி என்ற உறுப்பினர், ஆதரவை விலக்கிக்கொள்வதாக 19 பேர் கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட கடிதங்களை ஆளுநரிடம் கொடுத்தார். 19-ம் தேதி ஆளுநர் அறிக்கை எழுதிவிட்டார்: பொம்மைக்குப் பெரும்பான்மை போய்விட்டது, வேறு யாருக்கும் இல்லை. 20-ம் தேதி அந்த 19 பேரில் 7 பேர், எங்களிடம் தவறான தகவல் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள், நாங்கள் அரசோடுதான் இருக்கிறோம் என்று எழுதிக்கொடுத்தார்கள். அன்றே அமைச்சரவை கூடி 27-ம் தேதி சபையைக் கூட்ட முடிவெடுத்தது. பொம்மையும் சட்ட அமைச்சரும் நேரில் போய், வேண்டுமானால் இன்னும் முன்னதாகவே கூட்டுகிறோம் என்றார்கள். ஆளுநர் அன்றே இரண்டாவது அறிக்கை அனுப்பினார்: அந்த 7 கடிதங்கள் நெருக்கடியில் வாங்கப்பட்டவை, குதிரை பேரம் நடக்கிறது. 21-ம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது, சபையும் கலைந்தது.

எங்கே பிசகியது என்று பாருங்கள். கடிதத்தில் இருப்பது உண்மையான கையெழுத்தா, மனமுவந்து போட்டதா என்று சோதிக்கும் வழி ஆளுநரிடம் கிடையாது. சபையில் உறுப்பினர் எழுந்து நிற்க வேண்டும்; கொறடாவின் உத்தரவை மீறினால் பதவி போகும். 1985-லேயே கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்துவிட்டது. அன்றைய விதிப்படி மூன்றில் ஒரு பங்கு பிரிந்தால்தான் தப்பிக்கலாம். 139 இடம் வென்ற கட்சியில் 19 அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆக, காகிதத்தில் எதிர்த்தவர்கள் சபையிலும் எதிர்த்திருப்பார்களா என்பதே சந்தேகம். ஏழு நாள் பொறுத்திருந்தால் விடை தெரிந்திருக்கும். அந்த ஏழு நாளைக் கொடுக்காததுதான் இந்த வழக்கின் உயிர்நாடி.

தமிழர் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். 1991 ஜனவரியில் தி.மு.க. ஆட்சியைக் கலைக்க அறிக்கை கேட்டபோது தமிழ்நாட்டு ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா எழுதித்தர மறுத்தார். 356-ல் இருக்கும் ‘வேறு வகையில்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, அறிக்கை இல்லாமலே ஆட்சியைக் கலைத்தார்கள். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் பதவியை விட்டுப் போனார். ஆளுநர் மறுத்தாலும் அன்று ஆட்சியைக் காப்பாற்ற முடியாது, ஆனால் மறுப்பு பதிவில் நிற்கும்.

பொம்மையின் மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளியது. உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 1994 மார்ச் 11-ல் தீர்ப்பளித்தது. பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சபைதான். 356 பிரகடனத்தை நீதிமன்றம் ஆராயலாம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்கும்வரை சட்டசபையைக் கலைக்கக் கூடாது, முடக்கி வைக்கலாம். பிரகடனம் செல்லாதென்றால் அரசை மீட்டுத்தரவும் முடியும். மூன்றாவது விதியின் பயனை 1990-ல், தீர்ப்புக்கு முன்பே, கர்நாடகம் தற்செயலாகப் பார்த்திருந்தது. வீரேந்திர பாட்டீலைக் காங்கிரஸ் தலைமை நீக்கிய குழப்பத்தில் அக்டோபர் 10-ல் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஆளுநர் பானு பிரதாப் சிங். சபை கலைக்கப்படாததால் ஒரே வாரத்தில், 17-ம் தேதி, பங்காரப்பா பதவியேற்றார்.

மாநிலத்தில் இதுவரை ஆறு முறை குடியரசுத் தலைவர் ஆட்சி: 1971, 1977, 1989, 1990, 2007-ல் இரண்டு முறை. பொம்மை தீர்ப்புக்குப் பின் வந்த இரண்டும், அரசு தானே கவிழ்ந்த பிறகு வந்தவை. முதலாவது மதச்சார்பற்ற ஜனதா தள முதல்வர் குமாரசாமி பா.ஜ.க.வுக்கு ஆட்சியை மாற்றித்தர மறுத்தபோது. இரண்டாவது பா.ஜ.க.வின் எடியூரப்பா பதவியேற்று ஒரு வாரத்தில் விலகியபோது. ஓடிக்கொண்டிருக்கும் அரசை அறிக்கை எழுதிக் கலைக்கும் பழக்கம் இங்கே முடிந்துவிட்டது. இழுபறி வேறு இடத்துக்கு நகர்ந்தது: யாரை அழைப்பது, எத்தனை நாள் தருவது.

2004-ல் பா.ஜ.க. 79, காங்கிரஸ் 65, மதச்சார்பற்ற ஜனதா தளம் 58. ஆளுநர் டி.என். சதுர்வேதி, முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், பா.ஜ.க. சார்பில் மாநிலங்களவையில் இருந்தவர். அப்படியிருந்தும் தனிப்பெரும் கட்சி என்பதற்காகப் பா.ஜ.க.வை அழைக்கவில்லை. எண்ணிக்கை சேரும்வரை பொறுத்து, மே 28-ல் காங்கிரஸின் தரம் சிங்குக்குப் பிரமாணம் செய்துவைத்தார். 2006 ஜனவரியில் குமாரசாமி அணி பிரிந்ததும் ஜனவரி 27-க்குள் பெரும்பான்மை காட்டச் சொன்னார். தரம் சிங் காட்ட முடியாமல் விலக, பிப்ரவரி 3-ல் குமாரசாமி வந்தார். கடந்த அரை நூற்றாண்டில் எனக்கு அதிக மரியாதை இவரிடம்தான்.

2010 சிக்கலானது. ஆளுநர் எச்.ஆர். பரத்வாஜ், முன்னாள் மத்தியச் சட்ட அமைச்சர். 11 பா.ஜ.க. உறுப்பினர்களும் 5 சுயேச்சைகளும் முதல்வர் எடியூரப்பாவுக்கு ஆதரவை விலக்கினார்கள். வாக்கெடுப்புக்கு முன் யாரையும் தகுதிநீக்கம் செய்யாதீர்கள் என்று சபாநாயகர் கே.ஜி. போபய்யாவுக்கு ஆளுநர் எழுதினார். சபாநாயகர் 16 பேரையும் நீக்கிவிட்டு, அக்டோபர் 11-ல் அமளிக்கு நடுவே குரல் வாக்கில் அரசு வென்றதாக அறிவித்தார். குரல் வாக்கின் ஆபத்து இதுதான். எண் பதிவாகாது, பிறகு யாரும் சரிபார்க்க முடியாது. கர்நாடகச் சபையில் வாக்குகளை எண்ணச் சொல்லி உறுப்பினர்கள் கேட்டால் வரிசை வரிசையாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுவார்கள். அது நடந்திருக்க வேண்டும். ஆளுநர் உடனே குடியரசுத் தலைவர் ஆட்சிக்குப் பரிந்துரைத்தார், மத்திய அரசு அசையவில்லை, பிறகு இன்னொரு வாய்ப்புத் தந்தார். 14-ம் தேதி 106-க்கு 100. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் 16 பேரின் தகுதிநீக்கத்தையும் ரத்து செய்தது. பரத்வாஜின் சந்தேகம் சரியென்று அப்போது தெரிந்தது. ஆனால் தீர்ப்பு வந்த கையோடு மறுபடி 356 பரிந்துரை அனுப்பினார்; நீக்கப்பட்டிருந்த பா.ஜ.க. உறுப்பினர்களே மீண்டும் ஆதரவு தெரிவித்த நிலையில் அது அளவு மீறியது, மத்திய அரசும் ஏற்கவில்லை. சரியான கேள்வியை எழுப்பிவிட்டுத் தவறான மருந்தைக் கையில் எடுத்தவர் என்பதே என் தீர்மானம்.

2018-ல் ஆளுநர் வஜுபாய் வாலா, குஜராத் பா.ஜ.க.விலிருந்து வந்தவர். தேர்தல் நடந்த 222 இடங்களில் பா.ஜ.க. 104, காங்கிரஸ் 78, ம.ஜ.த. கூட்டணி 38. பின்னிரண்டும் அன்றே சேர்ந்து 113-க்கு மேல் காட்டின. ஆளுநர் எடியூரப்பாவை அழைத்து 15 நாள் கொடுத்தார். மத்திய–மாநில உறவை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் சொன்ன வரிசை இது: முதலில் தேர்தலுக்கு முன் சேர்ந்த கூட்டணி, அடுத்து பிறர் ஆதரவோடு உரிமை கோரும் தனிப்பெரும் கட்சி, அதன் பிறகே தேர்தலுக்குப் பின் சேர்ந்த கூட்டணி. அதனால் தனிப்பெரும் கட்சியை அழைத்தது மட்டும் குற்றமில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் எண்ணிக்கை கையில் இருக்கும்போது, இல்லாதவருக்கு 15 நாள் என்றால் அது ஆள் பிடிக்கக் கொடுத்த அவகாசம். நள்ளிரவுக்குப் பின் உட்கார்ந்த உச்ச நீதிமன்றம் பதவியேற்பை நிறுத்தவில்லை. மறுநாள் 15 நாளை வெட்டி, மே 19 மாலை 4 மணிக்கு வாக்கெடுப்பு என்றது. ரகசிய வாக்கு கூடாது, அதற்குமுன் ஆங்கிலோ இந்திய உறுப்பினர் நியமனம் கூடாது, நேரலை வேண்டும். தற்காலிகச் சபாநாயகராக ஆளுநர் நியமித்தவர் அதே போபய்யா. நேரலை இருந்ததால் நீதிமன்றம் விட்டுவிட்டது. வாக்கெடுப்புக்கு முன்பே எடியூரப்பா விலக, குமாரசாமி முதல்வரானார்.

அடுத்த ஆண்டு ஜூலையில் அதே ஆளுநர் எதிர்த்திசையில் போனார். குமாரசாமியின் நம்பிக்கைத் தீர்மானம் விவாதத்தில் இருக்கும்போதே, 19-ம் தேதி பகல் 1.30-க்குள் முடியுங்கள், பிறகு அன்று மாலைக்குள் முடியுங்கள் என்று கடிதம். சபாநாயகர் ரமேஷ் குமார் மசியவில்லை. 23-ம் தேதிதான் எண்ணினார்கள், 99-க்கு 105. சபை கூடிய பிறகு அதன் நேரம் சபாநாயகருடையது. தன் கட்சிக்கு 15 நாள், மற்றவருக்குச் சில மணி நேரம் என்ற பேச்சு எழுந்ததற்கு இந்த இரண்டு கெடுவும்தான் காரணம்.

முதல்வர் மீது வழக்குக்கு அனுமதி இன்னொரு கிளை. 2004-ல் மத்தியப் பிரதேச வழக்கில், அமைச்சரவை சாய்வோடு முடிவெடுத்தது வெளிப்படையாகத் தெரிந்தால் ஆளுநர் தானே முடிவெடுக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அதைக் கொண்டு பரத்வாஜ் 2011 ஜனவரியில் எடியூரப்பா மீதும், தாவர்சந்த் கெலாட் 2024 ஆகஸ்டில் முடா (மைசூரு நகர மேம்பாட்டு ஆணையம்) வீட்டுமனை விவகாரத்தில் சித்தராமையா மீதும் அனுமதி தந்தார்கள். இரண்டு முறையும் ஆளுநரை நியமித்த கட்சிக்கு எதிர்க்கட்சி முதல்வர். 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவின் கீழான அனுமதியை ஏற்றது. 2025 பிப்ரவரியில் லோக் ஆயுக்த போலீஸ் போதிய ஆதாரம் இல்லை என்றது.

மசோதாக்களில்தான் இன்றைய இழுபறி. ஒரே பொருளில் இரண்டு ஆளுநர்களை ஒப்பிட வேண்டுமானால் பசுவதைத் தடையை எடுங்கள். 2010 மசோதாவைப் பரத்வாஜ் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார், அது அங்கேயே முடங்கியது. 2021 ஜனவரியில் அதே நோக்கத்தில் வந்த அவசரச் சட்டத்தில் வாலா கையெழுத்திட்டார். கெலாட் நுண்கடன் அவசரச் சட்டத்தை 2025 பிப்ரவரியில் கேள்விகளோடு திருப்பி, சில நாளில் கையெழுத்திட்டார். கிரேட்டர் பெங்களூரு மசோதாவும் விளக்கம் கேட்டுத் திரும்பி ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. ஒப்பந்தங்களில் முஸ்லிம்களுக்கு 4% ஒதுக்கும் மசோதாவோ குடியரசுத் தலைவருக்குப் போனது. காரணத்தை எழுதித் திருப்பினால் சபை பதில் சொல்லலாம். அப்படித் திருப்புவது ஆரோக்கியமானது. கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் நோய். 2025 நவம்பர் 20-ன் உச்ச நீதிமன்றக் கருத்து, ஆளுநருக்கு நீதிமன்றம் கால வரம்பு வைக்க முடியாது, தானாக ஒப்புதல் ஆனதாகவும் கொள்ள முடியாது என்கிறது. நீண்ட, விளக்கமில்லாத மௌனம் என்றால் ‘ஒரு முடிவெடுங்கள்’ என்று மட்டும் சொல்லலாம். பெரும்பான்மை விஷயத்தில் வெட்டப்பட்ட நாட்கள் மசோதா விஷயத்தில் இன்னும் ஆளுநர் கையில் இருக்கின்றன.

அரசியலமைப்பின் 371ஜே பிரிவை விட்டுவிடாதீர்கள். பீதர், கலபுரகி, யாதகிரி, ராய்ச்சூர், கொப்பளம், பெல்லாரி, பின்னர் பிரிந்த விஜயநகரம் ஆகிய கல்யாண கர்நாடக மாவட்டங்களுக்கு நிதி, கல்வி, வேலையில் நியாயமான பங்கு கிடைக்க ஆளுநருக்குத் தனிப்பொறுப்பு உண்டு, 98-வது திருத்தம். ஆளுநர் பதவி வடக்கு மாவட்டங்களுக்கு நேரடியாகப் பயன்பட்ட இடம் இது. தனி வாரியம், அதன் ஆண்டறிக்கை சபையில் வைக்கப்படுவது என்ற இரண்டையும் விடையில் எழுதுங்கள்.

கடைசியாக, விடைத்தாளில் மதிப்பெண் போகும் இரண்டு இடங்கள். தீர்ப்பால் பொம்மை ஆட்சி திரும்பியது என்று எழுதாதீர்கள். 1989 நவம்பரிலேயே தேர்தல் முடிந்து வேறு ஆட்சி வந்துவிட்டது, அவருக்குக் கிடைத்தது கலைப்பு செல்லாது என்ற அறிவிப்பு மட்டும். அந்தத் தீர்ப்பு எல்லாக் கலைப்புகளையும் ரத்து செய்தது என்றும் எழுதாதீர்கள். கர்நாடகம், மேகாலயம், நாகாலாந்து பிரகடனங்கள் செல்லாதவை. 1992-ல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாசலப் பிரதேசம் கலைக்கப்பட்டதை அதே அமர்வு மதச்சார்பின்மையின் அடிப்படையில் ஏற்றது.